சாசனம் எட்டாத காடு

2015 ஜூன் 15 அன்று இங்கிலாந்தில் தேம்ஸ் நதியோரம் ரன்னிமீட் என்னும் புல்வெளியில் ஒரு பெருவிழா நடைபெற்றது. அரசி இரண்டாம் எலிசபெத் வந்திருந்தார், பிரதமர் உரையாற்றினார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் ஜான் மன்னன் தன் பிரபுக்களின் படைக்கு அஞ்சி முத்திரையிட்டுக் கொடுத்த மகாசாசனத்தின், அதாவது மாக்னா கார்ட்டாவின், நினைவு விழா அது. சட்டப்படியான தீர்ப்பின்றி எந்தச் சுதந்திர மனிதனையும் பிடிக்கவோ, சிறையிலிடவோ, அழிக்கவோ கூடாது என்பது அதன் முப்பத்தொன்பதாம் பிரிவு. அரசனின் கைக்கு முதன்முதலாக விலங்கிட்ட வாசகம் என்று அது கொண்டாடப்படுகிறது.

அவ்விழாவுக்கு அறுபத்தொன்பது நாட்களுக்கு முன், ஏப்ரல் 7 விடியற்காலையில், திருமலையின் அடிவாரத்தில், அன்றைய சித்தூர் மாவட்டத்தின் சந்திரகிரி மண்டலத்துச் சேஷாசலக் காட்டில் இருபது தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள் அவர்கள். பலர் மலைவாழ் பழங்குடியினர். செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை அவர்களைச் சுட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் கோடரிகளோடும் கற்களோடும் தாக்க வந்தார்கள், உயிரைக் காத்துக்கொள்ளச் சுட நேர்ந்தது என்று காவல்துறை கூறியது. இரண்டு இடங்களில் இருபது பேர் மாண்டனர். காவலர் தரப்பில் ஓர் உயிரும் போகவில்லை.

ஒரு சாட்சியின் கூற்றைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் சிலரோடு ஒரே பேருந்தில் பயணம் செய்தவர் அவர். பெண் பயணி ஒருவரின் அருகில் அமர்ந்திருந்ததால் அக்குழுவைச் சேர்ந்தவரல்லர் என்று கருதப்பட்டுத் தப்பினார். உடன் வந்தவர்கள் ஆந்திர எல்லையில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டார்கள். மறுநாள் அவர்களுடைய பெயர்கள் இறந்தோர் பட்டியலில் இருந்தன. உயிர் தப்பிய சாட்சிகள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் இத்தகைய வாக்குமூலங்களை அளித்தனர். இவை மெய்யெனில், அத்தொழிலாளர்கள் சுடப்பட்டபோது காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அல்லர். அரசின் காவலில் இருந்தவர்கள். கைது செய்யப்பட்ட எவரையும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அவர்கள் நிறுத்தப்பட்ட இடம் வேறு.

இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சொல்லலங்காரத்துக்காக அன்று. ஆட்சியாளனின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கும் ஆவணங்கள் எவ்வாறு பிறக்கின்றன, எவருக்குப் பயன்படுகின்றன, எந்த இடத்தில் செல்லாக்காசாகின்றன என்னும் கேள்வி சேஷாசலத்தில் மிகக் கூர்மையாக எழுகிறது.

மாக்னா கார்ட்டாவின் வர்க்க உள்ளடக்கத்தைப் பற்றி ஐயம் வேண்டியதில்லை. வரிச்சுமையால் சினங்கொண்ட நிலப்பிரபுக்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. சுதந்திர மனிதன் என்ற சொல்லுக்குள், நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த பண்ணையடிமைகள் அடங்கவில்லை. அன்றைய இங்கிலாந்தின் உழவர்களில் மிகப் பெரும் பகுதியினர் அவர்களே. அந்தச் சாசனமும் பத்து வாரம்தான் உயிரோடிருந்தது. போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசெண்ட் ஆகஸ்டு மாதமே அது செல்லாது என்று அறிவித்துவிட்டார். உள்நாட்டுப் போர் மூண்டது. ஜான் இறந்தபின் 1216, 1217, 1225 என அது திரும்பத் திரும்ப வெளியிடப்பட்டதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் அரசனுக்குப் பணமோ படையோ தேவைப்பட்டதும், கொடுப்பவர்கள் சாசனத்தைக் கேட்டு நின்றதும்தான். 1354இல் மூன்றாம் எட்வர்டின் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம், சுதந்திர மனிதன் என்னும் இடத்தில் எந்த நிலையிலும் எந்தத் தகுதியிலும் உள்ள எவனும் என்று மாற்றி எழுதியது. நூற்று முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து நேர்ந்த அந்தச் சொல்மாற்றம் மூல சாசனத்தைவிடப் பெரிது என்றுகூடச் சொல்லலாம். 1628இன் உரிமை மனு, 1649இல் முதலாம் சார்லசின் தலை, 1679இன் ஆட்கொணர்வுச் சட்டம், 1689இன் உரிமைச் சட்டம் என்று அடுத்த கதை நீள்கிறது, தோழர்கள் அறிந்ததே.

அறியப்படாதது அதன் தங்கைச் சாசனம். 1217 நவம்பரில் மகாசாசனத்தோடு சேர்த்து வனச் சாசனம் என்று ஒன்று வெளியிடப்பட்டது. 1066க்குப் பின் நார்மன் மன்னர்கள் விரிந்த நிலப்பரப்புகளை அரச வனம் என அறிவித்திருந்தனர். அச்சொல் மரங்கள் அடர்ந்த இடத்தை மட்டும் குறிக்கவில்லை. ஊர்களும் வயல்களும் மேய்ச்சல் தரைகளும் அதற்குள் இருந்தன. அங்கே நாட்டின் பொதுச்சட்டம் செல்லாது; அரசனின் வேட்டைச் சட்டமே செல்லும். மானைக் கொன்றவனின் கண்ணைப் பறிக்கலாம், உயிரையும் எடுக்கலாம். வனச் சாசனம் இந்த இடத்தில் அரசனைத் தடுத்தது. இனி அரச வனத்து விலங்குக்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கலாகாது என்று அதன் பத்தாம் பிரிவு விதித்தது. குற்றவாளி அபராதம் கட்டலாம். கட்ட வழியற்றவன் ஓராண்டும் ஒரு நாளும் சிறையிலிருக்கலாம். அதன்பின் பிணை இன்றேல் நாட்டை விட்டு வெளியேறலாம். கொல்லக் கூடாது. அதே சாசனம் காட்டில் பன்றி மேய்க்கும் உரிமையையும், தங்கள் மரங்களில் கிடைக்கும் தேனை எடுக்கும் உரிமையையும்கூட எழுதி வைத்தது. சுதந்திர மனிதர்களுக்கே என்ற வரம்பு இதற்கும் இருந்தது. ஆயினும் கோட்டை கட்டி வாழ்ந்த பிரபுவுக்குத் தேனும் பன்றி மேய்ச்சலும் பெரிய காரியமல்ல. விறகுக்கும் தீவனத்துக்கும் காட்டை நம்பியிருந்த எளியவர்களின் மூச்சு அதில் கேட்கிறது. 1971 வரை அச்சாசனம் இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மானுக்காக மனிதனைக் கொல்லலாகாது என்று ஒரு சிறுவன் அரசனின் பெயரால் எழுதிக் கொடுக்கப்பட்டது. குடியரசு ஒன்றின் காட்டில் மரத்துக்காக இருபது பேர் கொல்லப்பட்டனர்.

தமிழ் மரபில் அரசனைக் கட்டுப்படுத்தும் கருத்து இல்லாமலில்லை. வளையாத செங்கோல், கன்றை இழந்த பசுவுக்காகத் தேர்க்காலில் மகனை இட்ட சோழன், ஆராயாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் தன் பிழை தெரிந்த கணமே உயிர்விட்டது என்று இலக்கியம் முழுவதும் இக்கருத்து பரவிக் கிடக்கிறது. கோவலனின் கொலையும் விசாரணையற்ற கொலைதான். பொற்கொல்லனின் ஒரு சொல்லே சாட்சியமாயிற்று. காவலாளிகள் கையில் வாள் இருந்தது. தீர்ப்பு தெருவிலேயே முடிந்தது. கண்ணகி கேட்ட நீதி கிடைத்தது உண்மை. ஆனால் அந்த நீதி பாண்டியனின் மனச்சான்றிலிருந்து வந்தது. மனச்சான்று இல்லாத பாண்டியனாக இருந்தால் கண்ணகி என்ன செய்திருப்பாள் என்ற கேள்விக்குக் காப்பியம் நெருப்பைத்தான் விடையாக வைத்திருக்கிறது.

செங்கோலுக்கும் சாசனத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது. செங்கோல் அரசனின் கையில் இருக்கிறது. அவன் தன்னைத்தான் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று அது கேட்டுக்கொள்கிறது. சாசனம் பிறர் கையில் இருக்கிறது. ஜான் மன்னன் சாசனத்தை மீறினால் அவனுடைய கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்ற இருபத்தைந்து பிரபுக்கள் கொண்ட குழுவுக்கு அதன் அறுபத்தொன்றாம் பிரிவு அதிகாரம் தந்தது. அரசன் வெகுண்டதும் போப்பாண்டவரிடம் ஓடியதும் அப்பிரிவினால்தான். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் சபாநாயகரின் இருக்கையருகே, தமிழ்நாட்டு ஆதீனங்களின் வாழ்த்தொலியோடு செங்கோல் ஒன்று நிறுவப்பட்டது. தமிழரின் பெருமை என்று அது விற்கப்பட்டது. ஆள்வோரைக் கேள்வி கேட்பதற்கென்றே அமைந்த மன்றத்தில், கேள்வி கேட்கும் கருவியை விட்டுவிட்டு ஆள்வோன் கைக்கோலைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களின் நோக்கம் தெளிவானது.

அதே வரிசையில் உத்திரமேரூரும் இழுத்துவரப்படுகிறது. முதலாம் பராந்தகனின் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள் மதிப்புமிக்கவை. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் வாரியத்துக்கு வரலாகாது என்ற விதியை இன்றைய ஆட்சியாளர்கள் படித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் காணி நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உள்ள பிராமண ஆடவர்க்கே குடவோலையில் இடமிருந்தது. அரசனின் ஆணைப்படி, அரச அதிகாரி முன்னிலையில் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அரசனின் கையைக் கட்டிய ஆவணம் அன்று. பெருமைப்பட வேண்டிய வேறு கற்கள் தமிழ்நாட்டில் உண்டு. அவற்றைப் பற்றி வானொலியில் எவரும் பேசுவதில்லை.

1429ஆம் ஆண்டு. விசயநகரத்தில் இரண்டாம் தேவராயன் ஆட்சி. காவிரிப் படுகையிலும் அதன் வடக்கிலும் உழவரும் கைவினைஞரும் வரியால் நொறுங்கிக்கொண்டிருந்தனர். அரச அதிகாரிகளும் சீவிதக்காரர்களும், அவர்களோடு கைகோத்த பிராமண, வேளாள நிலவுடைமையாளர்களும் விருப்பம்போல் வசூலித்தனர். ஆண்டாண்டு காலமாக ஒருவரையொருவர் பகைத்து நின்ற வலங்கைத் தொண்ணூற்றெட்டும் இடங்கைத் தொண்ணூற்றெட்டும் அவ்வாண்டு ஒன்றுகூடின. விருத்தாசலம், திருவைகாவூர், கொறுக்கை, ஆடுதுறை ஆகிய இடங்களில் அவர்களின் தீர்மானங்கள் கல்லில் உள்ளன. எதற்கு எவ்வளவு வரி கொடுப்போம் என்பதை அவர்களே வரையறுத்தனர். அதற்கு மேல் கொடுப்பதில்லை என்றனர். அநியாய வரி தண்டுவோருக்கு உதவக்கூடாது. அவர்களுக்குக் கணக்கு எழுதக்கூடாது. மீறுவோர் துரோகிகள் என்று முடிவு செய்தனர். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இக்கல்வெட்டுகளை ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தனர். சாதிப் பிரிவுகளைத் தாண்டி உழைப்பாளர் தாமே கூடி, அரசு எதுவரை வரலாம் என்று கோடு கிழித்த ஆவணங்கள் இவை. ரன்னிமீட்டில் கூடிய பிரபுக்களைவிட இவர்கள் நமக்கு நெருக்கமானவர்கள்.

அதே விசயநகரத்தின் கடைசித் தலைநகரங்களில் ஒன்றுதான் சந்திரகிரி. பேரரசனாவதற்கு முன் சாளுவ நரசிம்மன் அங்கிருந்து ஆண்டான். திருமலைக் கோயிலின் மதில்களில் அக்காலத்துக் கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன, பெரும்பாலானவை தமிழில். அவற்றை வாசித்தால் ஒரு வழக்கம் தெரிகிறது. கொடையாளன் பொற்காசுகளைத் திருப்பண்டாரத்தில் செலுத்துகிறான். கோயில் ஊர்களில் ஏரியும் காலும் வெட்டப்படுகின்றன. விளைச்சலிலிருந்து எத்தனை மரக்கால் அரிசி, எவ்வளவு நெய், பயறு, தயிர், பாக்கு, வெற்றிலை என்று நுணுக்கமாகக் குறிக்கப்படுகிறது. பிரசாதத்தில் கொடையாளனின் பங்கு நாலில் ஒன்று. சிலாசாசனம் செய்து கொடுப்பவர்கள் கோயிலின் ஸ்தானத்தார். பெற்றுக்கொள்பவன் சாளுவ நரசிம்மனைப் போன்ற மகாமண்டலேசுவரனாக இருந்தாலும் எழுதியதற்கு மேல் அவனுக்கு உரிமையில்லை. சொத்து என்று வந்தால் சாசனம் எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு அம்மதில்கள் சான்று. நெய்க்கும் பருப்புக்கும் கணக்கு உண்டு. அந்த நீர்க்கால்களை வெட்டியவர்களின் பெயர்கள் இல்லை.

காட்டின் கதைக்கு வருவோம். ஆங்கிலேய ஆட்சியில் மதராஸ் மாகாணக் காடுகள் அரசின் முழுவுடைமையாவது எளிதில் நடந்துவிடவில்லை. 1871இல் மதராஸ் வருவாய் வாரியமே தயங்கியது. இம்மாகாணத்தின் காடுகள் ஏறத்தாழ எல்லாமே ஏதேனும் ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்குபவை, மக்கள் காலங்காலமாக அவற்றைப் பயன்படுத்தி வருகின்றனர், அவற்றை அரசின் சொத்து என்று கூறுவதற்கு அடிப்படையில்லை என்னும் பொருள்பட அது எழுதியது. 1878இன் இந்திய வனச் சட்டம் மதராசுக்குப் பொருந்தாமல் போனதற்கு இந்த எதிர்ப்பும் காரணம். ஆனால் நான்கு ஆண்டுகளில் ரயில்வேயின் தேவையும் கருவூலத்தின் பசியும் வென்றன. 1882இன் மதராஸ் வனச் சட்டம் வந்தது. அறிவிக்கை ஒன்றை வெளியிட்டு, உரிமை கோருவோர் குறித்த காலத்துக்குள் வர வேண்டும் என்று கூறி, வராதவரின் உரிமை அழிந்தது என்று முடித்து, காப்புக்காடு உண்டாக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத மலைமக்கள் அரசிதழைப் பார்த்து வருவார்கள் என்று எதிர்பார்த்த சட்டம் அது. நார்மன் மன்னர்கள் குதிரை மேலிருந்து செய்ததை இங்கே குமாஸ்தாக்கள் மேசையிலிருந்து செய்தார்கள். இதுவும் ஒரு சாசனம்தான். ஆள்வோனின் அதிகாரத்தைக் குறைக்காமல் பெருக்கும் சாசனம்.

அவ்வாறு அடைக்கப்பட்ட காட்டைத் திறக்க நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 2006இன் வன உரிமைச் சட்டம், இடதுசாரிகளின் ஆதரவில் நின்ற ஓர் ஒன்றிய அரசின் காலத்தில், நாடெங்கும் பழங்குடி அமைப்புகள் நடத்திய போராட்டத்தின் விளைவாக வந்தது. வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்பதை அச்சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. தேன் முதலான சிறு வன விளைபொருள்களின் மீது உடைமையுரிமை தருகிறது. இங்கிலாந்தின் உழவன் 1217இல் பெற்ற தேனைச் சவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி சட்டப்படி பெற 2006 வரை காத்திருந்தான். தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது மேலும் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே வழி திறந்தது. 2015 ஏப்ரலில் சேஷாசலத்துக்குச் சென்றவர்கள் இந்தக் காத்திருப்பின் நடுவில் சென்றவர்கள். மானாவாரிச் சாகுபடி கைகொடுக்காத மலைச் சிற்றூர்களில், மரம் வெட்டத் தெரிந்த கைகளைத் தேடி மேஸ்திரி வருகிறான், முன்பணம் தருகிறான், எந்தக் காடு, எவருடைய மரம் என்பதைச் சொல்வதும் உண்டு, சொல்லாமல் விடுவதும் உண்டு. வெட்டுகிறவனுக்கு நாட்கூலி. துறைமுகம் தாண்டினால் கிடைக்கும் பணம் எவருடையது என்பதைத் துப்பாக்கி ஒருபோதும் விசாரித்ததில்லை. கைப்பற்றிய செம்மரத்தை ஆந்திர அரசே ஏலத்தில் விற்கிறது என்பதையும் இடையே குறிப்பிட்டு வைக்கலாம்.

இங்கே ஒன்றை நேர்மையோடு சொல்ல வேண்டும். செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதிக்கே உரிய அரிய மரம். அது காக்கப்பட வேண்டியது. 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். அவர்களும் ஊதியத்துக்கு உழைத்தவர்கள். அவர்களுடைய குடும்பங்களின் இழப்பும் இழப்பே. அக்கொலைக்காக என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டனர். 280க்கும் மேற்பட்டோர் இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தபின், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கொலை செய்தவர் எவர் என்பது தெரியவில்லை. சிறையில் இருந்தவர்களின் இரண்டாண்டுகளும் திரும்பவில்லை. விசாரணை ஒழுங்காக நடந்திருந்தால் மாண்ட அலுவலர்களின் குடும்பங்களுக்கும் நீதி கிடைத்திருக்கும். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் மேலும் ஐந்து தமிழ்ப் பழங்குடித் தொழிலாளர்களின் உடல்கள் மிதந்தன.

அரசமைப்புச் சட்டம் இருக்கும்போதே அது எட்டாத இடங்கள் இருப்பதை இந்நாட்டின் பொதுவுடைமை இயக்கம் முதல் மாதத்திலேயே கண்டது. 1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்தியச் சிறைக்குள் அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு இருபத்திரண்டு பேர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு தோழர் ஏ.கே. கோபாலன் மதராஸ் சிறையிலிருந்தபடி தடுப்புக்காவல் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்காடினார். சட்டமன்றம் இயற்றிய எந்தச் சட்டத்தின்படியும் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கலாம், அச்சட்டம் நியாயமானதா என்று 21ஆம் பிரிவின்கீழ் கேட்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி பசல் அலி மட்டும் மாறுபட்டார். அந்த மாறுபட்ட குரல் சட்டமாக இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1978இல் மேனகா காந்தி வழக்கில், உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. கோபாலன் தோற்ற வழக்கிலிருந்துதான் அந்த வெற்றியின் வேர் கிளம்புகிறது.

மோதல் சாவுகளைப் பற்றியும் ஆவணம் இல்லாமலில்லை. சேஷாசலத்துக்கு ஆறரை மாதம் முன்பு, 2014 செப்டம்பர் 23 அன்று, மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினாறு நெறிகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். சுட்ட படையைச் சேராத தனிக் குழு புலனாய்வு செய்ய வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரணை வேண்டும். சுட்டவர்களுக்கு உடனடிப் பதவி உயர்வோ விருதோ கூடாது. தற்காப்பு என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டிய வாதம். காவல்துறைச் செய்திக்குறிப்பில் எழுதிவிட்டால் முடிந்துவிடும் உண்மை அன்று. சேஷாசலத்தில் கொலை வழக்குப் பதிவதற்கே உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. சில உடல்களுக்கு மறு உடற்கூறாய்வு கேட்டுப் போராட வேண்டியிருந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையையும் குடும்பம் ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால உதவியையும் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு அதை ஏற்கவில்லை. தன் படை செய்ததைத் தன் அதிகாரிகளே விசாரித்தால் போதும் என்பது அதன் நிலை. ஜான் மன்னனும் தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கவே விரும்பினான்.

இதே மலைமக்களின் இன்னொரு வழக்கு வேறுவிதமாக முடிந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனமரத்தைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். ஊரைச் சூறையாடினர், பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அன்றைய அரசு. மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கமும் அந்தப் பெண்களோடு நின்றன. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையை நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்றன. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் அவர்கள் அனைவரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. சட்டப் புத்தகம் 1992இலும் அதேதான், 2011இலும் அதேதான். இடையில் பத்தொன்பது ஆண்டுகள், வாய்தா தோறும் அந்தப் பெண்களோடு நீதிமன்றப் படியேறிய மனிதர்கள் இருந்தார்கள். 61ஆம் பிரிவின் இருபத்தைந்து பிரபுக்களுக்கு ஈடாக வாச்சாத்தியில் இருந்தது ஓர் அமைப்பு.

சேஷாசலத்துக்கும் வாச்சாத்திக்கும் இடையே ஒரு மாநில எல்லை நிற்கிறது. மாண்டவர்களின் வீடு தமிழ்நாட்டில். வழக்கு சந்திரகிரிக் காவல் நிலையத்தில். கணவனை இழந்த பெண் திருவண்ணாமலையின் மலையூரிலிருந்து திருப்பதி வரை செல்லப் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் போக வேண்டும். அங்கே அவள் கையில் தரப்படும் தாள் தெலுங்கில் இருக்கிறது. மாக்னா கார்ட்டாவும் இலத்தீனில்தான் எழுதப்பட்டது. ஆயினும் அதே ஆண்டில் அது பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டது, ஊர் மன்றங்களில் உரக்கப் படிக்கப்பட்டது. மலையின் உச்சியில் மன்னர்களின் கொடைகள் தமிழில் வெட்டப்பட்டிருக்க, அடிவாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வழக்கின் தாளை வாசிக்க முடியாமல் நிற்கின்றன. இது மொழிப் பகைமைக்கான பேச்சன்று. அந்தக் காட்டில் தெலுங்குத் தொழிலாளியின் உயிருக்கும் இதே விலைதான். 2015இல் ஆந்திரத்தின் குடியுரிமை இயக்கத் தோழர்கள்தான் முதலில் நீதிமன்றக் கதவைத் தட்டினார்கள். அந்த ஒற்றுமை நிலைத்த அமைப்பாக மாறவில்லை என்பதுதான் குறை.

நகரி, புத்தூர், சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் இரு மொழியும் அறிந்த தோழர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளனர். 1960இல் திருத்தணி வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கோட்டின் இருபுறமும் பிரிந்து நின்ற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் பலர். இருபது குடும்பங்களின் முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை, ஆணையத்தின் பரிந்துரை, நீதிமன்ற உத்தரவுகள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைப் பெற்று, தமிழில் பெயர்த்து, அந்தந்தக் குடும்பத்தின் கையில் சேர்ப்பது அவர்களால் முடியக்கூடிய வேலை. ஆந்திரச் சிறைகளில் செம்மர வழக்குகளில் இன்னும் விசாரணைக் கைதிகளாக இருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் பட்டியலை, கைதான நாள், நீதிபதியின் முன் நிறுத்தப்பட்ட நாள், பிணை கேட்ட நாள் ஆகியவற்றோடு தயாரிக்க இரு மாநில அரசுகளையும் வற்புறுத்த வேண்டும். ஒரு மாநிலத்தின் காவலர் இன்னொரு மாநிலத் தொழிலாளியைக் கைது செய்தால், அவருடைய ஊர்க் காவல் நிலையத்துக்கும் குடும்பத்துக்கும் அன்றே அவருடைய மொழியில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்னும் விதியைத் தமிழ்நாட்டு அரசும் ஆந்திர அரசும் உடன்படிக்கையாகச் செய்துகொள்ள வேண்டும். சவ்வாது, சித்தேரி, கல்வராயன் மலைகளில் வன உரிமைப் பட்டா கேட்டு நிலுவையிலிருக்கும் மனுக்களை முடிக்கும் போராட்டமும் இதோடு சேர்ந்ததே. மேஸ்திரியின் முன்பணத்துக்குக் கை நீட்டாமலிருக்க அம்மக்களுக்கு வேறு வழி வேண்டும்.